நெருப்புக்கும் உலோகத்துக்கும் இடையே

நுழையும்முன்

வானூர்தியின் பொறிக்குள் எரியும் நெருப்பு, அப்பொறியை ஆக்கிய உலோகத்தையே உருக்கவல்ல வெம்மை உடையது. எனினும் உலோகம் உருகுவதில்லை. வானூர்திகள் நாள்தோறும் பறக்கின்றன. இரண்டு மூன்று தலைமுடிகளை அடுக்கிவைத்த தடிமனே கொண்ட ஒரு பீங்கான் பூச்சுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அப்பூச்சு எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு நிலைக்கிறது, எவ்வாறு அழிகிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

உருகுநிலையைக் கடந்த வெம்மை

தாரைப் பொறியின் இயக்கத்தைச் சுருங்கச் சொல்லிவிடலாம். முன்புறத்து அமுக்கி காற்றை உள்ளிழுத்து நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று எரியறைக்குள் சென்று எரிபொருளோடு கலந்து எரிகிறது. எரிந்து விரிந்த வளிமம் பின்புறம் நோக்கிப் பாயும் வழியில் டர்பைன் எனப்படும் சுழலியைச் சுற்றுகிறது. அச்சுழலியே ஒரு தண்டின் வழியாக முன்புறத்து அமுக்கியையும் சுற்றவைக்கிறது. எஞ்சிய ஆற்றல் வானூர்தியை முன்னோக்கி உந்துகிறது. இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் 1930ஆம் ஆண்டு காப்புரிமை கோரியதும், 1937 ஏப்ரலில் ஓட்டிக் காட்டியதும் இவ்வமைப்பையே. ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓஹைன் வடிவமைத்த பொறியைக் கொண்டு 1939 ஆகஸ்டு மாதத்தில் முதல் தாரை வானூர்தி பறந்தது.

சுழலிக்குள் நுழையும் வளிமம் எவ்வளவு வெம்மையாக உள்ளதோ, அவ்வளவுக்கு ஒரே அளவு எரிபொருளிலிருந்து மிகுதியான வேலையைப் பெறமுடியும். இது வெப்ப இயக்கவியலின் அடிப்படை. எனவே ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளரும் அவ்வெம்மையை மேலும் சற்றே உயர்த்த முயன்றனர். இன்றைய பெரிய பொறிகளில் அது 1500 டிகிரி செல்சியசைக் கடந்துவிட்டது. சுழலியின் இதழ்களோ நிக்கலை முதன்மையாகக் கொண்ட உலோகக் கலவையால் ஆனவை. ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியசிலேயே அக்கலவை இளகத் தொடங்கிவிடும்.

உருகுவது மட்டுமே இடர் என்று எண்ணிவிடலாகாது. உள்ளங்கை அளவே உள்ள ஓர் இதழ், நிமிடத்திற்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுழலும்போது அதனை வெளிப்புறமாக இழுக்கும் விசை, பெரிய பொறிகளில் பத்து டன் எடைக்கும் மிகுதியாகும். செந்தழலில் இருக்கும் உலோகத்தை இவ்வாறு இழுத்துக்கொண்டே இருந்தால், அது உருகாமலே மெல்ல மெல்ல நீளும். கண்ணுக்குப் புலப்படாத இந்நீட்சியைத் ‘தவழ்வு’ என்பர். இதழின் நுனிக்கும் அதனைச் சூழ்ந்த கூட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவில்கூட இடைவெளி இல்லாத நிலையில், சிறிதளவு நீட்சியும் பேரிடராகும். உலோகத்தின் மணிகள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லைகளிலேயே தவழ்வு எளிதில் நிகழ்வதால், எல்லைகளே இல்லாதவாறு முழு இதழையும் ஒற்றைப் படிகமாக வார்க்கும் முறை பின்னர்க் கண்டறியப்பட்டது. மெழுகில் உருச்செய்து, அதன்மேல் அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் வார்ப்பு முறையே இதற்கும் அடிப்படை. சுவாமிமலைச் சிற்பியர் செப்புத் திருமேனிகளை வார்ப்பதும் இதே நெறியில்தான்.

இதழைக் குளிர்விக்க மற்றொரு வழியும் உண்டு. அமுக்கியிலிருந்து ஒரு பகுதிக் காற்றைப் பிரித்து, இதழின் உட்புறத்து வளைந்த வழிகளில் செலுத்தி, மேற்பரப்பில் உள்ள நுண்துளைகள் வாயிலாக வெளியேற்றுவர். குளிர்விக்கும் காற்று என்றாலும் அதுவே பலநூறு டிகிரி வெம்மையில் இருக்கும்! இவ்வாறு திருப்பிவிடப்படும் காற்று எரியறைக்குச் செல்வதில்லை. அதனை அமுக்குவதற்குச் செலவான ஆற்றலின் பெரும்பகுதி வீணாகிறது. எனவே, குறைந்த காற்றைக் கொண்டு கூடிய வெம்மையைத் தாங்க வேண்டும் என்ற தேவை எழுந்தது. உலோகத்துக்கும் நெருப்புக்கும் இடையே ஒரு திரையை இடும் எண்ணம் இங்கேதான் வலுப்பெற்றது.

முதற் பூச்சுகள்

பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசுவதை நாம் அறிவோம். புளிப்பு பட்டுக் களிம்பு ஏறாமல் காக்கும் அம்மெல்லிய பூச்சு, அடுப்பின் சூட்டைச் சிறிதும் தடுப்பதில்லை. தடுக்கவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. பொறிகளுக்கு இடப்பட்ட முதற் பூச்சுகளும் இத்தகையவையே.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் ஜெர்மனியிடம் நிக்கலும் குரோமியமும் போதிய அளவில் இல்லை. ஆகவே, யூமோ 004 என்ற தாரைப் பொறியின் எரியறைகளைச் சாதாரண எஃகினால் செய்து, அதன்மேல் அலுமினியத்தைப் பூசிச் சுட்டனர். வெம்மையில் இருக்கும் எஃகைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் விரைவில் அரித்துவிடும். அலுமினியப் பூச்சு அதனைத் தடுத்தது. எனினும் அப்பொறிகள் 10 முதல் 25 மணி நேரம் வரையே உழைத்தன. அதன்பின் கழற்றிச் செப்பனிட வேண்டியிருந்தது. வறுமையில் பிறந்த உத்திதான் அது. ஆயினும், அதன் அடிப்படை இன்றளவும் மாறவில்லை. அலுமினியம் காற்றோடு சேர்ந்து அலுமினா என்னும் ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. மாணிக்கம், நீலம் ஆகிய மணிகளின் அடிப்படைப் பொருளும் இதுவே. நெருக்கமான அமைப்புடைய அப்படலத்தின் ஊடே ஆக்சிஜன் நுழைவது மிக அரிது.

எனினும், வெப்பத்தைத் தடுப்பது வேறு. அரிப்பைத் தடுப்பது வேறு. வெப்பத்தைத் தடுக்க, வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் வேண்டும். உலோகங்கள் எவையும் அதற்கு உதவா. பீங்கான் வகைப் பொருள்களே உதவும். 1960களில் பறந்த எக்ஸ்-15 என்ற அமெரிக்க ஏவூர்தி விமானத்தின் பொறியில், நெருப்பு பட்டுத் தெறிக்கும் உட்பரப்பின்மேல் சிர்க்கோனியா என்னும் பீங்கானைத் தெளித்துப் பூசினர். மனிதர் சென்ற பறத்தலில் வெப்பத்தடைப் பூச்சு பயன்பட்டது அதுவே முதன்முறை என்பர். ஆனால் ஏவூர்திப் பொறி எரிவது ஓரிரு நிமிடங்களே. பல்லாயிரம் மணி நேரம் உழைக்கவேண்டிய பயணிகள் வானூர்தியின் சுழலி இதழில் அப்பூச்சு நிலைக்குமா என்பதே எஞ்சிய வினா.

இலங்கையின் மணிக்கல்லும் சுவீடனின் சிற்றூரும்

சிர்க்கோனியாவின் கதை நம் அண்டை நாட்டில் தொடங்குகிறது. இலங்கையின் மாத்தறைப் பகுதியில் கிடைத்த நிறமற்ற சிர்க்கான் கற்களை ‘மாத்தறை வைரம்’ என்றே வணிகர் விற்றுவந்தனர். ஜெர்மானிய வேதியியல் அறிஞர் மார்ட்டின் ஹென்ரிக் கிளாப்ராத், 1789ஆம் ஆண்டு இலங்கைச் சிர்க்கான் ஒன்றைப் பகுத்தாராய்ந்தபோது அதுவரை அறியப்படாத ஓர் ஆக்சைடு கிடைத்தது. அதுவே சிர்க்கோனியா. இதே சிர்க்கான் கனிமம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உள்ளது. அங்கே இந்திய அரசின் அருமண் நிறுவனம் இல்மனைட், மோனசைட் முதலியவற்றோடு சிர்க்கானையும் பிரித்தெடுத்து வருகிறது.

சிர்க்கோனியா 2700 டிகிரி செல்சியஸ் அளவில்தான் உருகும். நிக்கல் கலவையோடு ஒப்பிட, வெப்பத்தை அது கடத்தும் திறன் பத்தில் ஒரு பங்கு. பீங்கான் வகைகளுள் வெப்பத்தால் விரியும் தன்மை இதற்குச் சற்று மிகுதி என்பதால், உலோகத்தோடு ஓரளவு இணைந்து விரியவும் செய்யும். இவ்வளவு சிறப்பிருந்தும், தூய சிர்க்கோனியாவைப் பொறியில் பூச இயலாது. ஏறத்தாழ 1170 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறுகிறது. சூடேறும்போது ஓர் அமைப்பு. குளிரும்போது வேறோர் அமைப்பு. குளிர்ந்து மாறுகையில் அதன் பருமன் நூற்றுக்கு நான்கைந்து பங்கு திடீரெனக் கூடிவிடும். பொறியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் பூச்சு தன்னைத்தானே வெடித்துக்கொள்ளும்.

சிறிதளவு வேறோர் ஆக்சைடைக் கலந்தால் இம்மாற்றத்தைக் கட்டுப்படுத்தலாம். சுண்ணாம்பும் மக்னீசியாவும் முதலில் முயலப்பட்டன. மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிர்கையில் அவை சிர்க்கோனியாவை விட்டுப் பிரிந்துவிட்டன. அடுத்து முயலப்பட்டது இட்ரியா. சுவீடனில் உள்ள இட்டர்பி என்னும் சிற்றூரின் சுரங்கத்தில் கிடைத்த ஒரு கருங்கனிமத்திலிருந்து 1794ஆம் ஆண்டு யோஹான் கடோலின் பிரித்தறிந்த ஆக்சைடு இது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் உள்ள நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில், கர்ட் லீபர்ட், ஸ்டீபன் ஸ்டெக்குரா முதலியோர் 1970களில் இட்ரியா கலந்த சிர்க்கோனியாவைச் சுழலி இதழ்களில் பூசி ஆராய்ந்தனர். ஜே-75 என்ற தாரைப் பொறியில் பூசிய இதழ்களை ஓட்டிப் பார்த்தனர். தொடக்கத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு இட்ரியா சேர்த்தனர். படிகம் எவ்வளவு முழுமையாக நிலைபெறுகிறதோ அவ்வளவுக்கு நன்று என்பதே அன்றைய எண்ணம். ஸ்டெக்குரா இட்ரியாவின் அளவைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு கலவையையும் சூடேற்றியும் குளிர்வித்தும் பார்த்தார். முழுமையாக நிலைபெற்றவை விரைவில் உதிர்ந்தன. ஆறு முதல் எட்டுப் பங்கு இட்ரியா கொண்டு, ஓரளவே நிலைபெற்ற கலவை நெடுநாள் உழைத்தது. அக்கலவையில் உருவாகும் படிகம், விரிசல் பரவுவதை எதிர்த்து நிற்கும் உறுதி உடையது எனப் பின்னர் அறியப்பட்டது. அரை நூற்றாண்டாகியும் பெரும்பாலான பொறிகளில் பூசப்படுவது அந்த ஆறு முதல் எட்டுப் பங்குக் கலவையே. பொறுமையோடு செய்த அளவீடு, அழகிய கருத்தொன்றைப் புறந்தள்ளிய இடம் இது.

தெரிந்து தெளிவோம்

இட்ரியா சேரும்போது சிர்க்கோனியாவின் படிகத்தில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய சில இடங்கள் வெற்றிடங்கள் ஆகின்றன. வெப்பத்தைச் சுமந்துசெல்லும் அணு அதிர்வுகள் இவ்வெற்றிடங்களில் இடறிச் சிதறுவதால் வெப்பக் கடத்தல் மேலும் குறைகிறது. அதே வெற்றிடங்களின் வழியே ஆக்சிஜன் அயனிகள் எளிதில் ஊடுருவிச் செல்லும். மகிழுந்துகளின் புகைபோக்கிக் குழாயில் ஆக்சிஜன் அளவை உணரும் கருவியிலும் இட்ரியா கலந்த சிர்க்கோனியாவே பயன்படுகிறது.

இடையில் நிற்கும் அடுக்கு

வெப்பத்தைத் தடுக்கும் வெற்றிடமே ஆக்சிஜனுக்கு வாயிலாகவும் அமைந்துவிடுகிறது. ஆகவே சிர்க்கோனியாவை மட்டும் பூசினால், அதன் அடியில் உலோகம் அரிபட்டு, பூச்சு பற்றிக்கொள்ள இடமின்றி உதிரும். இதனைத் தவிர்க்க இரண்டுக்கும் இடையே அலுமினியம் மிகுந்த ஓர் உலோக அடுக்கை இடுவர். நிக்கல் அல்லது கோபால்ட்டோடு குரோமியம், அலுமினியம், சிறிதளவு இட்ரியம் ஆகியவை சேர்ந்த கலவையாகவோ, பிளாட்டினமும் அலுமினியமும் சேர்ந்த பூச்சாகவோ அது அமையும். இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு உட்பட்டது. யூமோ பொறியின் எரியறைக்கு அலுமினியம் செய்த பணியை இங்கு இவ்வடுக்கு செய்கிறது. தன்னிடமுள்ள அலுமினியத்தைச் சிறிது சிறிதாக ஈந்து, தன் மேற்பரப்பில் அலுமினாப் படலத்தை வளர்த்து, உள்ளே வரும் ஆக்சிஜனை அங்கேயே தடுக்கிறது.

இப்படலம்தான் பூச்சின் வாழ்நாளை அளக்கிறது. மெல்லியதாக இருக்கும்வரை அது காவலன். ஆனால் பொறி இயங்கும் காலமெல்லாம் அது தடித்துக்கொண்டே போகிறது. சூடேறினால் உலோகம் மிகுதியாக விரியும். சிர்க்கோனியா அதனினும் குறைவாக விரியும். அலுமினா எல்லாவற்றினும் குறைவாக விரியும். வானில் ஒருநாள் பயணம் முடிந்து பொறி குளிரும் ஒவ்வொரு வேளையும் இம்மூன்றும் மூன்று அளவில் சுருங்குகின்றன. உலோகம் மிகுதியாகச் சுருங்குவதால் அதன்மேல் ஒட்டியுள்ள அலுமினாப் படலம் கடுமையாக நெருக்குண்டு, நெளிந்து, ஓரிடத்தில் பிடிவிடுகிறது. படலத்தின் தடிமன் சில மைக்ரான்களைத் தாண்டியதும், அவ்விடத்தில் மேலே உள்ள பீங்கானும் ஒரு தகடாகப் பெயர்ந்து விழும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அத்தனை நுண்ணிய வளர்ச்சி ஒன்றே ஓர் இதழின் விதியை முடிவு செய்கிறது.

விரிசலால் வாழும் பூச்சு

சிர்க்கோனியாவைப் பூசும் முறைகள் இரண்டு. முதலாவது பிளாஸ்மாத் தெளிப்பு. பத்தாயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெம்மையுள்ள பிளாஸ்மாத் தாரையில் பீங்கான் தூளைத் தூவுவர். தூள் உருகித் துளிகளாகப் பரப்பில் மோதி, தோசைக்கல்லில் விழுந்த மாவுத்துளிபோலத் தட்டையாகிக் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் உறைந்துவிடும். அத்தகைய வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். வில்லைகளுக்கு இடையே நுண்ணிய விரிசல்களும் துளைகளும் எஞ்சும். பரப்புக்கு இணையாகக் கிடக்கும் அவ்விரிசல்கள் வெப்பத்தின் வழியை அடைப்பதால் இப்பூச்சு மிக நல்ல தடையாகிறது. செலவும் குறைவு. எரியறைச் சுவர்கள் போன்ற, சுழலாத பகுதிகளுக்கு இதுவே பெரிதும் பயன்படுகிறது. மின்னாக்க நிலையங்களில் உள்ள வளிமச் சுழலிகளில் இதழ்களுக்கும் இம்முறை உண்டு. ஆனால் விரிசல் கிடக்கும் திசையிலேயே பூச்சு பெயர்வதும் எளிது.

இரண்டாவது முறை எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைத்தல். காற்று நீக்கப்பட்ட அறையில் பீங்கான் கட்டியின்மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் அது உருகி ஆவியாகும். ஏறத்தாழ ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்கிய இதழ்களை அந்த ஆவியில் மெல்லச் சுழலவிடுவர். ஆவி இதழின்மேல் படிந்து, பரப்புக்குச் செங்குத்தான நுண்தூண்களாக வளரும். நுண்ணோக்கியில் பார்த்தால், நெருக்கமாக வளர்ந்த மூங்கில் தோப்பினை மேலிருந்து காண்பதுபோல் இருக்கும். ஒவ்வொரு தூணும் அடியில் ஊன்றி நிற்கும். பக்கத்துத் தூணோடு இறுக ஒட்டாது.

இவ்விடைவெளியே இம்முறையின் உயிர்நிலை. அடியிலுள்ள உலோகம் விரியும்போது தூண்கள் சற்று விலகி நிற்கின்றன. சுருங்கும்போது நெருங்கி வருகின்றன. இடைவெளியின்றி வழவழப்பாக, கண்ணாடிபோல் முழுமையாகப் பூசப்பட்ட பீங்கான் ஒரே பயணத்தில் நொறுங்கிவிடும். குறையுள்ளதுபோல் தோன்றும் பூச்சே ஆயிரக்கணக்கான பயணங்களைத் தாங்குகிறது. இதன் வெப்பத்தடை பிளாஸ்மாப் பூச்சினும் சற்றுக் குறைவு, செலவோ மிகுதி. ஆயினும் மிகுந்த வெம்மையில் மிகுந்த விரைவோடு சுழலும் வானூர்தி இதழ்களுக்கு இதனையே தேர்ந்தெடுக்கின்றனர். உட்புறக் காற்றுக் குளிர்விப்போடு சேர்ந்து இயங்கும்போது, ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குக்கும் குறைவான இப்பூச்சு உலோகத்தின் வெம்மையை நூறு டிகிரி செல்சியசுக்கும் மேல் தணித்துவிடும். உட்புறக் காற்று இல்லையெனில் பூச்சினால் பயன் இல்லை என்பதையும் இங்கு உணரவேண்டும். திரை வெப்பத்தைத் தாமதப்படுத்துமேயன்றி விழுங்கிவிடாது. வந்த வெப்பத்தை அள்ளிச் செல்ல மறுபுறம் ஒன்று வேண்டும்.

சாம்பல் உருகும் வானம்

1982 ஜூன் 24 இரவு, இந்தோனேசியாவின் ஜாவாத் தீவை அடுத்து பதினொரு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் வானூர்தியின் நான்கு பொறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல் மேகத்துக்குள் அது புகுந்துவிட்டது. இரவில் விமானிகளால் அம்மேகத்தைக் காண இயலவில்லை. உள்ளிழுக்கப்பட்ட சாம்பல் எரியறையில் உருகி, சுழலிப் பகுதியில் கண்ணாடிபோல் ஒட்டி, வளிமத்தின் வழியை அடைத்துவிட்டது. பொறிகள் இயங்காமல் வானூர்தி தாழ்ந்துகொண்டே வந்தது. சாம்பல் மேகத்தைவிட்டு வெளியேறியதும், குளிர்ந்த அந்தக் கண்ணாடி உடைந்து உதிர, பொறிகள் மீண்டும் உயிர்பெற்றன. அவற்றுள் ஒன்று மறுபடியும் பழுதாக, மூன்று பொறிகளோடு ஜகார்த்தாவில் தரையிறங்கியது. உள்ளே இருந்தோர் அனைவரும் உயிர்தப்பினர்.

அன்று நேர்ந்தது வழி அடைபட்ட இடர். பூச்சுகளுக்கு வேறுவகை இடர் உண்டு. அது மெல்ல நிகழ்வது. பாலைவனத் தூசியிலும் மணலிலும் எரிமலைச் சாம்பலிலும் கால்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றின் ஆக்சைடுகள் உள்ளன. ஏறத்தாழ 1200 டிகிரிக்கு மேல் இவை உருகிக் கண்ணாடிக் குழம்பாகும். முற்காலப் பொறிகளில் இதழின் மேற்பரப்பு அவ்வளவு சூடாவதில்லை. தூசி தூசியாகவே கடந்து போயிற்று. வெம்மையை உயர்த்த உயர்த்த, இக்குழம்பு இதழின்மேல் படிந்து, தூண்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இறங்கத் தொடங்கியது. பொறி குளிர்ந்ததும் குழம்பு உறைந்து தூண்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. விலகவும் நெருங்கவும் இயலாத பூச்சு, சுருங்கும் உலோகத்தின்மேல் அடுக்கடுக்காகப் பெயர்கிறது. மேலும் அக்குழம்பு சிர்க்கோனியாவிலிருந்து இட்ரியாவைக் கரைத்துப் பிரித்து, பழைய படிக மாற்றத்தையும் திரும்ப வரவழைக்கிறது. பூச்சு எந்த இடைவெளியால் வாழ்ந்ததோ, அதே இடைவெளி வழியே அதன் அழிவும் நுழைகிறது.

இதற்கு மாற்றாக வந்துள்ளவற்றுள் கடோலினியம் சிர்க்கோனேட் என்னும் பீங்கான் குறிப்பிடத்தக்கது. கண்ணாடிக் குழம்பைக் கண்டதும் இது அதனோடு விரைந்து வினைபுரிந்து, புதிய படிகங்களை உண்டாக்கி, இடைவெளியின் வாயை அங்கேயே அடைத்துவிடுகிறது. குழம்பு ஆழத்திற்கு இறங்குவதில்லை. ஆனால் விரிசலை எதிர்க்கும் உறுதி இதற்குக் குறைவு. அலுமினாப் படலத்தோடும் நெடுநாள் ஒத்துப்போவதில்லை. எனவே அடியில் பழைய சிர்க்கோனியாவையும் மேலே இதனையும் ஈரடுக்காகப் பூசுகின்றனர்.

பணிமனையில்

தரையிறங்கிய வானூர்தியின் பொறியைப் பிரிக்காமலே, மெல்லிய குழாயின் நுனியில் பொருத்திய ஒளிக்கருவியை உள்ளே செலுத்தி, இதழ்களை ஒவ்வொன்றாகப் பார்வையிடுவது வழக்கம். வெளிர்நிறப் பூச்சு பெயர்ந்த இடம் கருமையான திட்டாகத் தெரியும். திட்டின் பரப்பும் அது அமைந்த இடமும் வரம்புக்குள் இருந்தால் பொறி மீண்டும் பறக்கும். வரம்பைக் கடந்திருந்தால் இதழைக் கழற்றி, எஞ்சிய பூச்சுகளை நீக்கி, உலோகத்தை ஆராய்ந்து, புதிதாகப் பூசுவர். ஒவ்வொரு முறை பழைய பூச்சை நீக்கும்போதும் உலோகத்திலும் சிறிது கரைவதால், ஓர் இதழை எண்ணற்ற முறை இவ்வாறு புதுப்பிக்க இயலாது.

எந்தத் திட்டு எப்போது தோன்றும் என்று முன்கூட்டியே துல்லியமாகக் கணிப்பது இன்னும் கடினமாகவே உள்ளது. ஒரே நாளில், ஒரே அறையில் பூசப்பட்ட இரண்டு இதழ்களில் ஒன்று மற்றதைவிடப் பன்மடங்கு நெடிது உழைப்பதுண்டு. இதனால்தான் பொறியாளர் நெடுங்காலம் பூச்சின் பயனை முழுமையாகக் கணக்கில் கொள்ளத் துணியவில்லை. ஓரிடத்தில் அது உதிர்ந்துவிட்டாலும், அடுத்த பார்வையிடல் வரை உலோகம் தாங்கும் அளவிலேயே வளிமத்தின் வெம்மையை வரையறுத்தனர். பூச்சு தணிக்கும் ஒவ்வொரு டிகிரியும் இதழின் ஆயுளை நீட்டப் பயன்பட்டதேயன்றி, பொறியை மேலும் சூடாக ஓட்டுவதற்கு முழுவதுமாகச் செலவிடப்படவில்லை. அண்மைக்காலப் பொறிகளில் இவ்விடைவெளி குறைந்து வருகிறது. வெறும் உலோகத்தால் தாங்கவொண்ணாத வெம்மையில் அவை ஓட்டப்படுகின்றன. பணிமனையில் ஒளிக்கருவியோடு அமர்ந்திருப்பவர் காணும் ஒரு சிறு கருந்திட்டுக்கு, முன்னைவிட மிகுதியான பொருள் உண்டாகியிருப்பது அதனால்தான்.